கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது: ஓ.சி.டி. சிகிச்சை தொடங்கும் வாசகிக்கு

கேள்வி:

எனக்கு வயது 31. திருச்சியில் ஒரு வங்கியில் காசாளராக இருக்கிறேன். இரண்டு வயதில் மகன் இருக்கிறான். அவன் பிறந்ததிலிருந்து, வெளியிலிருந்து ஏதோ ஒரு கிருமியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவனுக்கு ஆபத்தை உண்டாக்கிவிடுவேனோ என்ற பயம் என்னை விடவில்லை. வேலை முடிந்து வந்து குளியலறைக்குள் நுழைந்தால் வெளியே வர ஒன்றரை மணி நேரமாகிறது. கைத்தோல் உரிந்து வெடித்திருக்கிறது. கணவரும் வாசலிலேயே டெட்டால் கலந்த தண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "மனசை அடக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்கிறார் மாமியார். மனநல மருத்துவர் ஓ.சி.டி. (எண்ணச் சுழற்சி நோய்) என்று சொல்லி செர்ட்ராலின் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் எக்ஸ்போஷர் சிகிச்சை தொடங்குகிறது. கழிப்பறையைத் தொடச் சொல்வார்கள், கை கழுவ விடாமல் அறையில் வைத்துப் பூட்டுவார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என்னால் தாங்க முடியுமா? நடுவில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? எதுவும் ஆகாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தைரியமாகப் போவேன். இன்னொன்றும் இருக்கிறது. காய் நறுக்கும்போது குழந்தை பக்கத்தில் வந்தால், அரிவாள்மணையால் அவனை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வந்து போகிறது. இதை மருத்துவரிடம்கூட நான் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், "எதுவும் ஆகாது என்று ஒரு வார்த்தை" என்று நீங்கள் கேட்டிருக்கும் இடத்தில்தான் முதலில் நின்றேன். அந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்று இரவு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். நாளைக் காலையிலேயே, "அவர் நான் எண்ணுகிற நோட்டுக்கட்டைப் பார்க்கவில்லையே, என் வீட்டைப் பார்க்கவில்லையே, பொதுவாகத்தானே சொன்னார்" என்று ஒரு சந்தேகம் முளைத்து, இன்னும் உறுதியான வார்த்தை ஒன்றை இன்னொருவரிடம் தேடிப் போக வேண்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுவது, கணவரிடம் "சரியாகக் கழுவினேனா" என்று கேட்பது, எனக்குக் கடிதம் எழுதி உறுதி கேட்பது ஆகிய மூன்றும் உங்கள் நோயின் கணக்கில் ஒரே காரியம்தான். மூன்றும் பதற்றத்தைச் சற்று நேரம் இறக்கி வைக்கின்றன. அந்தச் சற்று நேர நிம்மதியே அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கழுவவும் கேட்கவும் பழக்குகிறது. நீங்கள் தொடங்கப்போகும் சிகிச்சை இந்த முடிச்சில்தான் கை வைக்கிறது.

எக்ஸ்போஷர் என்று சுருக்கிச் சொன்னாலும் இதற்கு இரண்டு பாதிகள் உண்டு. பயப்படும் பொருளை அல்லது எண்ணத்தை எதிர்கொள்வது முதல் பாதி. எதிர்கொண்ட பிறகு வழக்கமாகச் செய்யும் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருப்பது இரண்டாம் பாதி. இரண்டும் சேர்ந்ததை எங்கள் துறையில் ஈ.ஆர்.பி. (எதிர்கொள்ளலும் எதிர்வினைத் தடுப்பும்) என்போம். முதல் பாதி மட்டும் போதுமென்றால் உங்களுக்கு எப்போதோ குணமாகியிருக்க வேண்டும், ஏனென்றால் காசாளராகிய நீங்கள் பயப்படுகிற ரூபாய் நோட்டை நாள் முழுவதும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் கழுவிவிடுவதால், "கழுவியதால்தான் தப்பித்தோம்" என்றே மனம் ஒவ்வொரு நாளும் கணக்கை முடித்துக்கொள்கிறது. கழுவாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அதற்குக் கிடைத்ததே இல்லை.

உங்கள் தோழி சொன்ன பூட்டிய அறைக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அதுவரை எந்தச் சிகிச்சைக்கும் அசையாத இரண்டு நோயாளிகளை மருத்துவமனையில் தங்கவைத்து, அவர்கள் தங்கள் கட்டாயச் செயல்களைச் செய்துவிடாதபடி செவிலியர்களை இடைவிடாமல் உடன் இருக்கச் செய்தார். தண்ணீர்க் குழாய்கூட மருத்துவமனையின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சிகிச்சையின் வரலாறு தொடங்குகிறது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு அருகில் கடந்துவிட்டன. இன்று உங்கள் குழாயை வேறு யாரும் மூடுவதில்லை. மூடுவதும் மூடாததும் உங்கள் கையில் இருந்தால்தான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் பலன் நிற்கும் என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டது. உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் தொடச் சொல்லக் கூடாது; திடீரென்று எதையாவது உங்கள் மேல் தேய்த்துவிடவும் கூடாது. அப்படி ஒருவர் செய்தால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்த வாரம் முதல் அமர்வில் பெரும்பாலும் நீங்கள் எதையும் தொட மாட்டீர்கள். முதல் இரண்டு, மூன்று அமர்வுகள் பேச்சிலேயே போகும். ஓ.சி.டி.யின் கடுமையை அளக்க 1989 முதல் புழக்கத்தில் உள்ள யேல்-பிரவுன் அளவுகோலை வைத்துப் பத்துக் கேள்விகள் கேட்பார்கள்; முதல் ஐந்து எண்ணங்களைப் பற்றி, அடுத்த ஐந்து செயல்களைப் பற்றி. மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை மிதமானது என்றும், 24 முதல் 31 வரை கடுமையானது என்றும் கொள்வது வழக்கம். இதில் அதிகம் வாங்கினால் தோல்வி என்று நினைத்துக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்தான் இருக்கும்.

பிறகு ஒரு பட்டியல் போடுவீர்கள். சிறிதும் பதற்றமில்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 100 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வேண்டும். அலுவலக மேசையைத் தொட்ட கையால் கைபேசியை எடுப்பது 30, நோட்டு எண்ணிய கையைத் துடைக்காமல் முந்தானையில் வைப்பது 50, பேருந்தில் உட்கார்ந்து வந்த புடவையோடு கட்டிலில் உட்காருவது 75, அதே புடவையோடு மகனைத் தூக்குவது 95 என்று அது போகும். எண்கள் என் ஊகம்தான். உங்கள் எண்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொடக்கம் 30, 40 என்ற இடத்தில் இருக்கும்.

அந்த முதல் பயிற்சி எப்படியிருக்கும் என்று தெரியாததுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே பலரிடம் கண்டதை ஒருவராக்கிச் சொல்கிறேன். அவர் தேர்ந்தெடுத்தது என் அறைக் கதவின் கைப்பிடி. கொடுத்த எண் 40. முதலில் நான் என் உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்தேன். சிகிச்சை தருபவர் முதலில் செய்து காட்டுவது இதில் வழக்கம். அடுத்து அந்த நோயாளி ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் வைத்தார். பிறகு நான்கு விரல்கள், பிறகு உள்ளங்கை. கையை எடுத்தவர், மருதாணி வைத்த கையை வைத்திருப்பதுபோல் விரல்களை விரித்து உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கையை மடியில் வைக்கச் சொன்னேன். அதுதான் கடினமாக இருந்தது. கைப்பிடியைத் தொட்டபோது 40 என்றவர், கை புடவையில் பட்டதும் 70 என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டேன்: 75, 75, 70, மீண்டும் 75. "கை பிசுபிசுங்குது மேடம்" என்றார். கையில் ஒன்றும் இல்லை. "இது சரியாப் போயிடும்ல?" என்று கேட்டார். "தெரியாது, உட்கார்ந்து பார்ப்போம்" என்றேன். அரை மணி நேரம் தாண்டியபோது 55. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் 45. கழுவாமலே ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் வந்தவர், அன்று இரவு ஒன்பது மணிக்கு மறுபடி 80 வரை ஏறியதாகவும், அழுததாகவும், ஆனால் கழுவவில்லை என்றும் சொன்னார்.

எல்லா நாளும் எண் இப்படி அழகாக இறங்காது. சில நாள் 70-இலேயே நிற்கும். பதற்றம் பாதியாகக் குறையும்வரை இருந்தால்தான் பயிற்சி பலித்தது என்று முன்பு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அதில் அவ்வளவு பிடிவாதம் இல்லை. "தாங்க மாட்டேன் என்று நினைத்தேன், தாங்கினேன்" என்பதையும், "நடந்தே தீரும் என்று நினைத்தேன், நடக்கவில்லை" என்பதையும் நீங்களே கண்டுகொள்வதற்குத்தான் எடை அதிகம். எண் இறங்காத நாளில்கூட அந்தக் கல்வி நடக்கிறது. ஆகவே "என்னால் தாங்க முடியுமா" என்ற உங்கள் கேள்விக்கு முன்கூட்டியே விடை தேட வேண்டியதில்லை, பயிற்சியே அந்தக் கேள்வியைச் சோதிப்பதற்குத்தான் இருக்கிறது.

கழிப்பறையைத் தொடச் சொல்வார்களா என்றால், உங்கள் பயத்தின் பட்டியலில் அது இருந்தால், மேல்படிகளில் ஒருநாள் வரலாம். பயம் போன தூரத்துக்குச் சற்று அப்பாலும் போய் வருவது இந்தச் சிகிச்சையின் இயல்பு. சாதாரணமாக யாரும் செய்யாத ஒன்றைக்கூட ஓரிரு முறை செய்து பார்ப்பது உண்டு. அந்தப் படிக்கு வரும்போது நீங்கள் இன்றிருக்கும் ஆளாக இருக்க மாட்டீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். 95-இன் கண்ணாடியில் இன்றைக்கே பார்த்தால் எல்லாமே பயங்கரமாகத்தான் தெரியும்.

முதல் சில வாரங்கள் நோய் கூடியதுபோல் தோன்றும். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், இதுவரை இல்லாத புதிய சந்தேகம் ஒன்றுகூடத் தலைகாட்டலாம். இத்தனை நாள் சோப்பைக் கொண்டு அமுக்கி வைத்திருந்த பதற்றம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள் வரை ஆகும்; ஓர் அமர்வு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஆனால் வாரம் ஒருமுறை வந்துபோவதால் மட்டும் ஓ.சி.டி. அசையாது. நடுவில் உள்ள ஆறு நாட்களில் தினமும் முக்கால் மணி நேரமாவது வீட்டில் செய்யும் பயிற்சியில்தான் பெரும்பகுதி இருக்கிறது. சாப்பிடும் முன்பும், கழிப்பறை போய்வந்த பின்பும், குழந்தையின் கழிவைச் சுத்தம் செய்த பின்பும், ஒரே முறை, சுமார் 20 விநாடி என்பதுபோல் கழுவுவதற்கு ஒரு விதியை உங்கள் உளவியலாளருடன் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். மீறிக் கழுவிவிட்டால் அதற்காகக் குற்றவுணர்வில் உட்கார வேண்டாம். எதைத் தொட்டுவிட்டுக் கழுவினீர்களோ அதையே திரும்பத் தொட்டுவிடுங்கள். கழுவியதன் பலனை அது அழித்துவிடும். கைவெடிப்புக்குத் தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்கிப் போடுவது நல்லது, ஆனால் களிம்பு தடவுவதையே இன்னொரு சடங்காக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதை நிறுத்திய இடத்தில் வேறொன்று சத்தமில்லாமல் வந்து உட்காரும் என்பதை எச்சரித்துவிடுகிறேன். பலர் கைப்பிடியைத் தொட்டுவிட்டு மனத்துக்குள் "முருகா" என்று 21 முறை சொல்லிச் சரிக்கட்டுவார்கள்; சிலர் மூச்சை எண்ணுவார்கள்; சிலர் கைப்பையில் சானிடைசர் இருக்கிறது என்ற தைரியத்திலேயே ஓட்டிவிடுவார்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. கும்பிடுகிற நேரத்தில் தாராளமாகக் கும்பிடுங்கள். பதற்றத்தை அழிக்கும் சோப்பாக முருகன் பெயரைப் பயன்படுத்தும்போது மட்டும் உளவியலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை அவருக்கும் தெரிந்திருக்கும். மனத்தை அடக்கு என்பதும் அந்த வகை அறிவுரைதான்; அடக்க அடக்க அதே எண்ணம்தான் முன்னால் வந்து நிற்கும். அவர் தீட்டு, ஆச்சாரம் பார்க்கிறவராக இருந்தால் அவருக்கே புரிகிற ஒரு வேறுபாட்டைச் சொல்லலாம். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்கிறோம். ஒரு குளியலோடு அந்தத் தீட்டு கழிந்துவிடுகிறது, அடுப்படிக்குப் போய்விடுகிறோம். சம்பிரதாயத்தின் விதிக்கு ஒரு முடிவு இருக்கிறது. உங்கள் நோயின் விதிக்கு அந்த முடிவு இல்லை. எத்தனை சொம்பு ஊற்றினாலும் "இன்னும் ஒன்று" என்கிறது.

கணவர் ஓர் அமர்வுக்காவது உடன் வர வேண்டும். அவர் அன்பினால்தான் வாசலில் கால் கழுவுகிறார், ஆனால் அவர் கழுவும் ஒவ்வொரு முறையும் உங்கள் பயத்துக்கு இன்னொரு சாட்சி சேருகிறது. ஒரே நாளில் அவர் அதை நிறுத்திவிடவும் வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் ஏமாற்றவும் வேண்டாம். முதலில் டெட்டால் இல்லாமல் வெறும் தண்ணீர், பிறகு வாசலில் இல்லாமல் உள்ளே வந்து, பிறகு கழுவாமலே என்று அதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம். நீங்கள் உறுதி கேட்கும்போது என்ன சொல்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். "கஷ்டமா இருக்குன்னு தெரியுது. ஆனா இதுக்குப் பதில் சொல்றதில்லன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு பண்ணோம்" என்பது போதும். அதைக் கேலியாகவோ கோபமாகவோ அவர் சொல்லாமலிருப்பது முக்கியம்.

அரிவாள்மணை பற்றி நீங்கள் கடைசி இரண்டு வரியில் எழுதியதுதான் கடிதத்தின் கனமான பகுதி என்று எனக்குத் தெரியும். 1978-இல் ஜாக் ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் மனநோய் ஏதும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் உண்டு என்றார்கள். பிறரைக் காயப்படுத்துவது பற்றிய எண்ணங்களும் அவற்றில் இருந்தன. மற்றவர்களுக்கு அவ்வெண்ணம் வந்த வழியே போய்விடுகிறது; ஓ.சி.டி. உள்ளவர் "எனக்கு ஏன் இது வந்தது, நான் எப்படிப்பட்டவள்" என்று அதைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கிறார். அந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது, அதிலிருந்து குழந்தையைக் காக்கவே முனைகிறீர்கள், ஓ.சி.டி.யில் வரும் எண்ணத்தின் இயல்பு இது. வேறு ஏதும் இல்லையா என்று உறுதி செய்துகொள்ள உளவியலாளர் சில கேள்விகள் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். உங்களைக் குற்றம்சாட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. இப்படியோர் எண்ணத்தை நாங்கள் கேள்விப்படுவது முதல் முறையும் அல்ல. இந்தத் துறையில் சில ஆண்டுகள் இருந்தவர் எவரும் இதே எண்ணத்தைப் பல தாய்மார்களிடம் கேட்டிருப்பார். இதற்கும் படிகள் உண்டு. அவன் அடுத்த அறையில் இருக்கும்போது காய் நறுக்குவது, பிறகு அதே அறையில், பிறகு அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதி உரக்க வாசிப்பது. இதை நான் ஒருமுறைதான் விளக்குவேன். இந்தப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்து ஆறுதல் தேடினால், இதுவும் சோப்பாகிவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஓ.சி.டி.க்கு செர்ட்ராலின் போன்றவை முழுப் பலன் காட்ட 8 முதல் 12 வாரம்வரை ஆகும். ஐந்தாவது வாரத்தில் தீர்ப்பு எழுத முடியாது. மருந்தும் இந்தச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை ஏதும் உங்கள் சீட்டில் இருந்தால், பயிற்சிக்கு முன் அதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதற்றத்தோடு உட்காரக் கற்பதே நோக்கமாக இருக்கும்போது அது அந்தப் பாடத்தை மழுங்கடிக்கக்கூடும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண் நள்ளிரவிலும் தமிழில் பேசும்.

நீங்கள் போகும் உளவியலாளரை எனக்குத் தெரியாது. மூச்சுப் பயிற்சியும், எண்ணம் வந்தால் மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொள்வதும் மட்டுமே பல வாரம் நடந்தால், "நாம் எப்போது பட்டியலைத் தொடங்குகிறோம்" என்று தயங்காமல் கேளுங்கள். ஓ.சி.டி.க்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வருகிறது. நடுவில் விட்டுவிடுபவர்களும் கணிசமாக உண்டு. எண்ணங்கள் அடியோடு மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றரை மணி நேரக் குளியல் பத்து நிமிடமாகி, மகனைத் தூக்கும்போது கையைப் பற்றிய நினைப்பே இல்லாத நாட்கள் வரத் தொடங்குவதைத்தான் நாங்கள் முன்னேற்றம் என்கிறோம்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அதே வரிகளை ஒரு தாளில் எழுதி முதல் அமர்வில் மேசைமேல் வைத்துவிடுங்கள். இதை வாசித்து முடித்ததும், "ஆபத்து இருப்பதால்தான் இவர் உறுதி சொல்ல மறுக்கிறாரோ" என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது மணி எத்தனை, பதற்றம் 0-விலிருந்து 100-க்குள் எவ்வளவு என்று அதே தாளின் பின்பக்கத்தில் குறித்துவிட்டு, எனக்கு மறுபடி எழுதாமல், அரை மணி கழித்து இன்னொருமுறை குறியுங்கள். இரண்டு எண்களையும் அடுத்த வாரம் உங்கள் உளவியலாளரிடம் காட்டுங்கள்.